சான்றின் அடியில் ஓர் எண்

டொலீடோ, ஒஹாயோ
9 செப்டம்பர் 1973

என் அக்காவும் ஞானத்தாயுமான தெயோலிந்தாவுக்கு,

தம்பி அன்செல்மோ உன் ஆசீரைக் கேட்டு எழுதுவது. நான் நலம். உன் தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது? கடல்காற்று குளிர ஆரம்பித்தால் அப்பாவுக்கு இருமல் கூடுமே, கம்பளிச் சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டாயா?

சிரிக்காதே. இருபத்தேழு வயதில் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். நில அளவைப் படிப்பு, இரண்டு வருடம். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிற பெண்ணுக்குப் பதினெட்டு வயது. முதல் நாள் என்னை வாத்தியார் என்று நினைத்து எழுந்து நின்றாள்.

படிப்போடு ஒரு வேலையும் கிடைத்திருக்கிறது. படைக்குப் போய்வந்து படிக்கிறவர்களுக்கென்றே அரசாங்கம் கொடுக்கிற பகுதிநேர வேலை. கல்லூரி நூலகத்துக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஓர் அறை, அதுதான் முன்னாள் படைவீரர் அலுவலகம். திங்கள், புதன், வெள்ளி காலைகளில் நான் அங்கே இருக்க வேண்டும். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவனும் படையில் கொடுத்த விடுவிப்புச் சான்றைக் கொண்டுவருவான். அதை நகலெடுத்து, முத்திரை குத்தி, கோப்பில் வைப்பேன். வகுப்புக்கு வராமல் நின்றுபோனவர்களுக்குப் போன் செய்து என்ன ஆயிற்று என்று விசாரிப்பேன். தலைவி திருமதி ஓபல் ஹெண்டர்ஷாட், முந்தைய போரில் கணவரை இழந்தவர். என்னோடு வேலை பார்க்கும் மாணவன் டுவெய்ன் பிட்மனுக்கு இடது முழங்கைக்குக் கீழே கை இல்லை. "நாம ரெண்டு பேரும் சேர்ந்தா மூணு கை. இந்த ஆபீஸுக்கு அது ஜாஸ்தி" என்று முதல் நாளே சொல்லிவிட்டான்.

அக்கா, ஐந்து வருடத்தில் என் சான்றைப் பார்த்த பிறகும் உள்ளே விட்ட முதல் இடம் இதுதான். உனக்குத் தெரியாததா? எல்லா இடத்திலும் பேச்சு நன்றாகத்தான் போகும். சான்றைக் கேட்பார்கள். அதோடு முகம் மாறும். அந்த ஹோட்டல் மேலாளர் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "எங்க மெத்தை எல்லாம் புதுசு தம்பி" என்று சிரித்ததை முன்பு எழுதியிருந்தேனே, அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை விளங்கவில்லை. சான்றில் 'கௌரவமான விடுவிப்பு' என்றுதான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அப்பா சொல்வதுபோல் நான் உதவாக்கரைதானோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது. இனி அது வேண்டாம்.

அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புத் தம்பி,
செல்மோ


ஃபால் ரிவர், மாசசூசெட்ஸ்
30 செப்டம்பர் 1973

அன்புத் தம்பி செல்மோவுக்கு,

கடவுள் உன்னை ஆசீர்வதிப்பாராக. நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் இருமல் அப்படியேதான். மருந்தைக் குடிக்கச் சொன்னால், "ஆலைப் பஞ்சு நாப்பது வருஷமா உள்ள போயிருக்கு, அது ஒரு கரண்டித் தண்ணியில வெளிய வருமா?" என்கிறார். கம்பளிச் சட்டை கொடுத்தாகிவிட்டது.

நீ கல்லூரிக்குப் போகிற செய்தியை ஆலை முழுக்கச் சொல்லிவிட்டேன். இதாலினா தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். இந்த மாதம் ஒரு பெரிய ஹோட்டலுக்குத் திரைச்சீலை தைக்கிறோம். எல்லாம் கனமான சிவப்புத் துணி, இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது. முட்டை வைத்த இனிப்பு ரொட்டி இரண்டு அனுப்பியிருக்கிறேன். ஒன்றை அந்த டுவெய்னுக்குக் கொடு.

அப்பா பேச்சை மனதில் வைக்காதே. அவருக்குத் தெரிந்த பாசம் திட்டுவதுதான்.

நீ நகலெடுக்கிற காகிதங்களில் உன்னுடையதும் இருக்குமா? சும்மா கேட்டேன். வேலையை முடித்தோமா, வகுப்புக்குப் போனோமா என்று இரு. பழைய காகிதங்களைப் படித்துக்கொண்டு உட்காராதே. கண் கெட்டுவிடும்.

உன் அக்கா,
தெயோலிந்தா


டொலீடோ
4 நவம்பர் 1973

அன்பு அக்காவுக்கு,

உன் ஆசீர் வேண்டும். நான் சுகம். ரொட்டியில் ஒன்றரையை டுவெய்னே தின்றுவிட்டான். "உங்க அக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டான். முப்பத்தைந்து வயது, கோபக்காரி என்றேன். "எனக்கு அது ரெண்டும் பிரச்சினை இல்ல" என்கிறான்.

வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. தனக்குப் படிப்புதவி உண்டு என்பதே தெரியாமல் நாலு வருடம் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஒருவனைப் போனில் பிடித்து வரவழைத்தேன். படிவத்தை நிரப்பிக் கொடுத்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தான், விடவே இல்லை. இந்த மாவட்டப் படைவீரர் அலுவலகத்தில் வசந்தத்தில் ஒரு முழுநேர உதவியாளரை எடுக்கப்போகிறார்களாம். என் பெயரைச் சொல்வதாகத் திருமதி ஹெண்டர்ஷாட் சொல்லியிருக்கிறார்.

ஒன்று எழுத வேண்டும். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. போன வாரம் ஒரு மாணவன் எந்தப் படைப்பிரிவு என்று கேட்டான். சொன்னேன். "அப்போ அறுபத்தெட்டு மே மாசம் போர்முனையில இருந்தியா?" என்றான். இல்லை, மலேரியா காய்ச்சல் வந்து ஜப்பான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள் என்றேன். அதற்குப் பிறகு அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் ஹெலிகாப்டர் ஏறின பத்தொன்பதாம் நாள் எங்கள் குழுவில் எட்டுப் பேர் செத்தார்கள், அக்கா. வெர்லின் ஸ்ட்ரவுட் செத்தான். காய்ச்சலில் நான் நடுங்கியபோது தன் போர்வையையும் சேர்த்து எனக்குப் போர்த்தினவன். குணமானதும் என்னைத் திரும்ப அனுப்புவார்கள் என்று காத்திருந்தேன். அனுப்பவில்லை. ஒரு மருத்துவர் வந்து என்னென்னவோ கேட்டார், ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள், வீட்டுக்குப் போ என்றார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஏன் நான் மட்டும் என்று தினமும் ஒருமுறையாவது நினைக்கிறேன்.

இதை அப்பாவிடம் படித்துக் காட்டாதே.

செல்மோ


ஃபால் ரிவர்
19 டிசம்பர் 1973

அன்புத் தம்பிக்கு,

கடவுள் ஆசீர். கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். இங்கே சுகம், அங்கே உன் சுகம் அறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆலையில் வேலை அதிகம்.

உப்பிட்ட மீன் வாங்கி ஊறப்போட்டிருக்கிறேன். நீ இல்லாமல் இரண்டு பேருக்கு எவ்வளவு சமைப்பது என்றே தெரியவில்லை. மாவட்ட வேலைக்கு நேர்முகம் எப்போது? அவர்கள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல். கையுறை பின்னி வைத்திருக்கிறேன்.

நீ எழுதியிருந்ததைப் படித்தேன். உனக்காக ஜெபமாலை சொல்கிறேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அக்கா


டொலீடோ
17 ஜனவரி 1974

அக்கா,

உன் கையுறை வந்தது. இதை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாகத் தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

டுவெய்னின் மாமா ஒருவர் தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மேசையில் கிடந்ததென்று திங்கட்கிழமை டுவெய்ன் நாலு பக்கத் தாள் ஒன்றைக் கொண்டுவந்தான். "இதப் பாருடா, ரகசிய அகராதி" என்றான். எங்கள் விடுவிப்புச் சான்றின் அடியில் ஒரு கட்டத்துக்குள் மூன்று இலக்க எண் இருக்கும். அது ஏதோ கிடங்குக் கணக்கு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். இல்லை அக்கா. அது, ஒருவனை ஏன் வெளியே அனுப்பினார்கள் என்பதற்கான சங்கேத எண். எங்களுக்கு அர்த்தம் சொல்லமாட்டார்கள். ஆனால் முதலாளிகள் கையில் பட்டியல் இருந்திருக்கிறது.

முதலில் சிரித்தோம். டுவெய்ன் கோப்புகளிலிருந்து எண்களை வாசித்தான், நான் பட்டியலில் தேடினேன். 'பணிக்காலம் முடிந்தது.' 'உடல் ஊனம்.' பிறகு ஒருவனுக்கு 'குணக்கோளாறு' என்று வந்தது. ஒருவனுக்கு 'அக்கறையின்மை' என்று வந்தது. அவன் எங்களுக்குத் தினமும் வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறவன். சிரிப்பு நின்றுவிட்டது. "போதும்டா, மூடி வை" என்றான் டுவெய்ன். நான் என்னுடையதை எடுத்தேன்.

பட்டியல் அப்போது அவன் கையில் இருந்தது. விரல் கீழே இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது. தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

"என்னடா?"

"ஒண்ணும் இல்ல. இதுல உன் நம்பரே கிடையாது."

"குடு."

"செல்மோ, சொன்னா கேளு. வேணாம்டா."

பிடுங்கிப் பார்த்தேன்.

படுக்கையை நனைப்பவன். அதுதான் என் எண்.

நகலெடுக்கும் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த ஹோட்டல்காரன் சிரித்த சிரிப்பு அப்போதுதான் எனக்குக் கேட்டது. ஐந்து வருடமாக நான் கோட்டுப் போட்டு, தலை வாரி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்த ஒவ்வொரு நாற்காலிக்கும் எதிரே இருந்தவன், இதைப் படித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்திருக்கிறான். அந்தச் சான்றுக்குக் கண்ணாடி போட்டு அப்பா கூடத்தில் மாட்டியிருக்கிறாரே, அக்கா! பாதிரியாரைக் கூப்பிட்டுக் காட்டினாரே!

காய்ச்சலில் கிடந்த பன்னிரண்டு நாள் எனக்கு நினைவில்லை. அப்போது நடந்திருக்கலாம். ஆனால் காய்ச்சலுக்காக ஒருவனை இப்படி எழுதுவார்களா? நீயே சொல். நாம் ஒரே வீட்டில் வளர்ந்தோம். என் படுக்கையை நீதான் மடித்தாய். எப்போதாவது உண்டா?

உடனே எழுது.

செல்மோ


டொலீடோ
10 பிப்ரவரி 1974

அன்பு அக்காவுக்கு,

உனக்கு உடம்பு சரியில்லையா? அப்பாவுக்கு ஏதாவதா? மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. என்னை நினைத்து வெட்கமாக இருக்கிறதா? அப்படியென்றால் அதையாவது எழுது.

கண்ணாடி ஆலைக்குப் போனேன். மூன்று வருடத்துக்கு முன் என்னை வேண்டாம் என்ற அதே ஆள், அதே நாற்காலி. "எதுக்கு சார் என்னை எடுக்கல?" என்று நேராகக் கேட்டேன். வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "நீ நல்ல ஆளாத்தான் தெரிஞ்ச. எனக்கு உன்மேல ஒண்ணும் இல்ல. பேப்பர் வேற சொல்லுதே, நான் எதை நம்புறது?" என்றார். அவரை அடிக்கப் போனவன்தான். ஆனால் அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடிக்க முடியவில்லை.

திருமதி ஹெண்டர்ஷாட்டிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "மிஸ்டர் ஃபுர்த்தாதோ, ஆறு வருஷமா இந்தக் காகிதத்தை எல்லாம் நான் அடுக்கிட்டு இருக்கேன். எனக்கே தெரியாதே" என்றார். என் மருத்துவக் கோப்பு முழுவதையும் கேட்டு இராணுவத்துக்கு எழுதியிருக்கிறோம். அவரே தட்டச்சு செய்து கொடுத்தார். யார் என்ன எழுதினார்கள் என்று வந்துவிடும்.

உன் ஆசீரை எதிர்பார்த்து,
செல்மோ


ஃபால் ரிவர்
20 பிப்ரவரி 1974

தம்பி,

அப்பாவுக்கு நெஞ்சுச்சளி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். என் விரலில் மெஷின் ஊசி ஏறிவிட்டது, அதனால் எழுத்து கோணல்.

அந்தக் கோப்பை வரவழைக்காதே. அதைத் தோண்டி என்ன ஆகப்போகிறது? எவனோ எதையோ எழுதிவிட்டுப் போகிறான். நீ படி. வேலைக்குப் போ. நீ உயிரோடு இருக்கிறாய், அது போதாதா?

சுவரில் இருந்த சான்றைக் கழற்றிவிட்டேன். அப்பாவிடம் கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொன்னேன்.

அக்கா


டொலீடோ
24 மார்ச் 1974

கோப்பு வந்தது. நாற்பத்தொரு பக்கம்.

முப்பத்து நாலாம் பக்கம் ஒரு படிவம். 'குடும்பத்தாரிடம் விசாரணை', 1968 ஜூன். கேள்வி பதினொன்று: சிறுவயதில் படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் இருந்ததா? பதில்: "ஆம். பதினேழு வயது வரை. வாரத்தில் மூன்று நான்கு முறை. அம்மா மெத்தைமேல் ரப்பர் விரிப்புப் போட்டிருந்தார். ஊரில் யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்தோம்."

நம் வீட்டில் ரப்பர் விரிப்பு இருந்ததே இல்லை.

அடியில் உள்ள கையெழுத்து உன்னுடையதா?

அன்செல்மோ ஃபுர்த்தாதோ


ஃபால் ரிவர்
31 மார்ச் 1974

செல்மோ,

என்னுடையதுதான்.

அந்த 1968 ஜூனில் ஒரு வியாழக்கிழமை எதிர்வீட்டு ரெசேந்தியின் மகன் நோர்பெர்த்தோ பெட்டியில் வந்தான். மூடியைத் திறக்கக் கூடாது என்று இராணுவம் சொல்லிவிட்டது. அவன் அம்மா மூடியில் அடித்து அடித்துக் கையெல்லாம் ரத்தம். நான்தான் அவளைப் பிடித்து இழுத்தேன். இழுக்கும்போது எனக்கு உன் முகம்தான் தெரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை இராணுவம் அனுப்பி ஓர் அம்மாள் வந்தார். தொப்பி வைத்து, கையில் தோல்பை. "உங்க தம்பி ஜப்பான்ல ஆஸ்பத்திரியில நல்லா இருக்கார், பயப்படாதீங்க. சீக்கிரமே திரும்ப அவரோட குழுவுக்கே அனுப்பிடுவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விசாரணை, வழக்கமா செய்யறதுதான்" என்றார். நல்ல செய்தி சொல்கிறவர் மாதிரி சிரித்தார். அப்பா பின்கட்டில் திராட்சைக் கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பத்துக் கேள்விக்கும் உள்ளதைத்தான் எழுதினேன். பதினொன்றுக்கு வந்ததும் பேனா நின்றது. இதாலினாவின் கணவருடைய சித்தப்பா மகனை இந்தக் காரணம் சொல்லித்தான் பயிற்சியிலேயே திருப்பி அனுப்பினார்கள் என்று அவள் எப்போதோ சொல்லிச் சிரித்திருக்கிறாள். அது அப்போது நினைவுக்கு வந்தது. எழுத ஆரம்பித்தேன். ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. ரப்பர் விரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. செத்துப்போன அம்மாவையும் பொய்க்குச் சாட்சியாக இழுத்தேன்.

அந்த அம்மாள் படித்துவிட்டு, "நிச்சயமா?" என்றார். "ஆமாம்மா" என்றேன். "பாவம், சொல்லியிருக்கக் கூடாதா அவர்?" என்றார். அவ்வளவுதான்.

அது ஓர் எண்ணாக மாறி உன் கூடவே வரும் என்று எனக்குத் தெரியாது. உன்னைக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றி அனுப்பிவிடுவார்கள், அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நவம்பரில் நீ எழுதிய அந்தப் பத்தொன்பது நாளை ஆலைக் கழிப்பறையில் நின்றுகொண்டு படித்தேன். எட்டுப் பேர். உன்னோடு ஒன்பது ஆகியிருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. அந்த எட்டு அம்மாக்களைப் பற்றி எனக்கு அப்போது தோன்றவே இல்லை. பிறகுதான் தோன்றியது.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. அப்படி எழுதினால், அன்றைக்கு எழுதியிருக்கக் கூடாது என்று ஆகும். அதை என்னால் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

தெயோலிந்தா


ஃபால் ரிவர்
12 மே 1974

செல்மோ,

ஆறு வாரம் ஆயிற்று. நீ எழுதவில்லை. எழுத வேண்டும் என்று கேட்கவில்லை. உயிர்ப்புப் பெருவிழா வந்து போயிற்று. அப்பா சுகம், நடக்கிறார். உன் உடம்பு எப்படி?

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாலு நாள் என்னோடு பேசவில்லை. நான் வைத்த கீரை சூப்பைத் தொடவில்லை, தானே ரொட்டியை வெட்டித் தின்றார். ஐந்தாம் நாள் காலை நான் ஆலைக்குக் கிளம்பும்போது வாசலை மறித்து நின்றார்.

"அவனை நான் சோம்பேறின்னேன்."

"ஆமாப்பா."

"உதவாக்கரைன்னேன். கிறிஸ்மஸ் அன்னிக்கு மேசையில வச்சே எந்திரிச்சுப் போடான்னேன். அவன் தட்டை அப்படியே வச்சிட்டுப் போனான். நீ எதிர்லதான உட்கார்ந்திருந்த?"

"ஆமாப்பா."

"வாயைத் தொறந்தியா?"

நான் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். போன கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். எண்ணைப் பற்றி எனக்குத் தெரியாது என்று எழுதினேன். எண் தெரியாதுதான். ஆனால் அந்த ஹோட்டல்காரன் மெத்தையைச் சொல்லிச் சிரித்தான் என்று 1970-இல் நீ எழுதினாயே, அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கோ, ஏதோ ஒரு விதத்தில், நான் எழுதியது உன் காகிதத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நாலு வருடம், செல்மோ. ஒவ்வொரு வேலை போனபோதும் நீ எழுதுவாய், நான் "கடவுள் வேறு கதவு திறப்பார்" என்று பதில் போடுவேன்.

சொன்னால் நீ என்னைவிட்டுப் போய்விடுவாய் என்று பயம். உன்னைப் படையிலிருந்து காப்பாற்றினது உனக்காக. அதற்குப் பிறகு பேசாமல் இருந்தது எனக்காக.

இதற்குமேல் என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை.

தெயோலிந்தா


டொலீடோ
23 ஜூன் 1974

அக்கா,

நான் சுகம். தேர்வு முடிந்தது, எல்லாவற்றிலும் தேறிவிட்டேன்.

உன் முதல் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் வகுப்புக்குப் போகவில்லை. இரண்டாவதைப் படித்துவிட்டு அதைக் கிழித்தேன். பிறகு ஒட்டினேன். உனக்கு எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே கை நிற்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். இனிமேல் அந்த எண்ணைப் போடப்போவதில்லை, வேண்டுமென்றால் எண் இல்லாத புதிய சான்று கேட்கலாம் என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. திருமதி ஹெண்டர்ஷாட் அன்றே எனக்கும் சேர்த்து விண்ணப்பங்களை அடித்துவிட்டார். அது வருவதற்குள் மாவட்ட அலுவலக நேர்முகம் வந்துவிட்டது. பழைய சான்றோடுதான் போனேன். மேசையில் வைக்கும்போதே, "அந்த நம்பருக்கு அர்த்தம் எனக்குத் தெரியும் சார். உங்களுக்கும் தெரியும்னு நினைக்கிறேன். அது பொய்" என்றேன். அவர் முகம் சிவந்தது. "யார் சொன்ன பொய்?" என்றார்.

உன் பெயர் வாய்வரைக்கும் வந்தது. "அதை நான் சொல்றதா இல்ல சார்" என்றேன்.

வேலை கிடைக்கவில்லை. காரணம் எழுதவில்லை.

ஆகவே அதே நிலவறையில், அதே மூன்று காலைகள். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. சான்றோடு யார் வந்தாலும் கதவைச் சாத்துகிறோம். நகலெடுக்கும் முன் அந்த எண் என்னவென்று அவனிடம் சொல்லிவிடுகிறோம். தெரிய வேண்டாம் என்றால் சொல்வதில்லை. இதுவரை ஒருவன்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவன் நாற்காலியைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். ஒருவன், "என் தப்பு இல்லன்னு சொன்னா என் பொண்டாட்டி நம்பவே மாட்டேன்னாளே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

போன சனிக்கிழமை வெர்லினின் அம்மாவைப் பார்க்க இந்தியானாவுக்குப் போனேன். டுவெய்ன்தான் ஒற்றைக் கையில் காரை ஓட்டினான். எதற்குப் போனேன் என்று உண்மையைச் சொல்கிறேன். உன்மேல் கோபப்பட எனக்கு ஒரு துணை வேண்டியிருந்தது. மகனைப் பறிகொடுத்தவர் உன்னைத் திட்டுவதைக் கேட்க வேண்டும் போலிருந்தது.

திருமதி ஸ்ட்ரவுட் சமையலறையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், போர்வை, படிவம், பதினொன்றாம் கேள்வி. முடித்ததும் கேட்டார்.

"உங்கக்கா படிச்சவங்களா?"

"எட்டாவதும்மா. ஆலையில தைக்கிறாங்க."

"எங்கிட்டயும் ஒரு படிவம் வந்துச்சு தம்பி. வெர்லினைப் படைக்கு எடுக்கும்போது. சின்ன வயசுல காதுல நோய் இருந்துச்சான்னு கேட்டிருந்தாங்க. இருந்துச்சு. ரெண்டு காதுலயும் சீழ் வடியும், ஒரு காது பாதிதான் கேக்கும். டாக்டர் சீட்டுகூட அந்த அலமாரியில கிடந்துச்சு."

அவர் காப்பிக் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அவனோட அப்பா படைக்குப் போயிருக்கார், அவனோட தாத்தா போயிருக்கார். இவன் காதைக் காட்டித் தப்பிச்சிட்டான்னு கோயில்ல நாலு பேர் பேசுவாங்களேன்னு 'இல்லை'ன்னு எழுதினேன். என் கையால எழுதினேன். இந்த மேசைதான்."

டுவெய்ன் எழுந்து வெளியே போய்விட்டான். அந்த மேசையில் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். அடுப்பில் பீன்ஸ் அடிப்பிடித்து வாசனை வந்தது. அவர் போய் அதை இறக்கிவைத்துவிட்டு, டுவெய்னையும் உள்ளே கூப்பிட்டு, எங்கள் இருவருக்கும் தட்டு எடுத்து வைத்தார். தீய்ந்ததை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டோம். ஆறு வருடத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லையாம்.



எனக்குக் கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். படிவத்துக்காக இருந்த கோபம் அந்தச் சமையலறையோடு போயிற்று. அந்த நாலு வருட மௌனத்துக்கான கோபம் இருக்கிறது. அது எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் முதல் வாரம் வருகிறேன். அப்பாவிடம் சொல். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. பேருந்து நிலையத்துக்கு வா, ஆனால் அங்கே அழாதே. முதல் நாள் நாம் இதைப் பற்றிப் பேச வேண்டாம். ஊர்க்கதை, ஆலைக்கதை எதையாவது பேசு. இரண்டாம் நாள் நானே ஆரம்பிக்கிறேன்.

செல்மோ